மார்ச் 31-க்குள் செய்தால்தான் செல்லும்: சிறுதொழில் செய்பவர்களும் முதலீட்டாளர்களும் வரிக்காகச் செய்ய வேண்டியவை

ஜூலை மாதம் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து "சார், வரியைக் கொஞ்சம் குறைக்க வழி இருக்கா" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. குறைக்கிற வேலையில் பெரும்பகுதி மார்ச் 31 இரவோடு முடிந்துவிடும், அதற்கப்புறம் நடந்ததைப் படிவத்தில் நிரப்புவதுதான் மிச்சம். அதனால் இங்கே எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கப்போகிறோம்: இதை ஏப்ரலில் செய்தால் செல்லுமா, செல்லாதா? சொல்லும் விகிதங்களும் வரம்புகளும் 2025-26 நிதியாண்டுக்கானவை.

முதல் வேலை ஒரு உத்தேசக் கணக்கு. பிப்ரவரி முடிய டேலி போன்ற கணக்கு மென்பொருளில் லாப நட்டக் கணக்கை எடுங்கள், மார்ச் விற்பனையைச் சுமாராகச் சேருங்கள், கூடவே வங்கி வட்டி, வாடகை, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் எல்லாவற்றையும் எழுதுங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்தால் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை இருக்கும், நீங்கள் மறந்துபோன எஃப்டி வட்டியும் விற்ற மியூச்சுவல் ஃபண்டும் அதில் இருக்கும். துறைக்குத் தெரிந்த விவரம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகவாவது ஒருமுறை திறந்து பாருங்கள்.

உத்தேச வருமானம் கையில் வந்தபிறகு, எந்த வரி முறை என்று பாருங்கள். புதிய முறைதான் இப்போது இயல்பான முறை. 4 லட்சம் வரை வரி இல்லை, அப்புறம் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவு தரும் தள்ளுபடியில் வரி பூஜ்ஜியமாகிவிடும். 12.75 லட்சம் என்று பலர் சொல்வது சம்பளக்காரர்களுக்கு, ஏனென்றால் 75,000 ரூபாய் நிலைக் கழிவு சம்பளத்துக்கு மட்டும்தான். கடைக்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் கோடு 12 லட்சத்தில்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் தாண்டிவிட்டால் பதற வேண்டாம். 12,10,000 வந்தால் கணக்குப்படி வரி 61,500, ஆனால் தாண்டிய 10,000-க்கு மேல் வரி கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே நிவாரணம் இருக்கிறது.

பழைய முறைக்குப் போக நினைக்கும் தொழில்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளக்காரர் வருஷா வருஷம் மாறிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் 10ஐஇஏ படிவம் கொடுத்துப் பழைய முறைக்குப் போய், பிறகு புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடியும் பழைய முறை கிடையாது. வீட்டுக் கடன் வட்டி, 80சி (எல்ஐசி, பிபிஎஃப் போன்றவற்றுக்கான கழிவு), மருத்துவக் காப்பீடு எல்லாம் பெரிய தொகையாக இருந்தால் ஒழிய எனக்கு அதில் லாபம் தெரியவில்லை. இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு, எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மார்ச்சில் போன் செய்து பாலிசி விற்கும் ஏஜென்டிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இங்கேதான் வருகிறது. புதிய முறையில் இருப்பவருக்கு 80சி கழிவே கிடையாது, எனவே "வரி மிச்சம்" என்று சொல்லி விற்கப்படும் எதையும் அவர் வாங்கத் தேவையில்லை. பழைய முறையில் இருப்பவரும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடனில் அசல் கட்டியது, பழைய எல்ஐசி பிரீமியம் எல்லாம் சேர்த்தால் 1.5 லட்சம் ஏற்கனவே நிரம்பிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். பத்து பதினைந்து வருஷம் பணத்தைக் கட்டிப்போடும் ஒரு முடிவை, மார்ச் 28-ஆம் தேதி அரை மணி நேரத்தில் எடுக்காதீர்கள்.

பிபிஎஃப் கணக்கில் வருஷத்துக்குக் குறைந்தது 500 ரூபாய், செல்வமகள் சேமிப்பில் 250 ரூபாய், எந்த முறையில் இருந்தாலும் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் கணக்கு முடங்கும், அபராதம் கட்டி உயிர்ப்பிக்க அலைய வேண்டும்.

சப்ளையர் பாக்கி: இந்த வருஷத்தின் பெரிய வேலை

43பி எச் என்ற பிரிவு 2023-24 நிதியாண்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. இருந்தும் இன்னும் பலர் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள ஒருவரிடம் சரக்கோ வேலையோ வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள், ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல் பணம் கொடுத்துவிட வேண்டும். கெடு தாண்டி, மார்ச் 31 அன்றும் பாக்கியாக நின்றால், அந்தச் செலவை இந்த வருஷக் கணக்கில் கழிக்க முடியாது. பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் கழிவு கிடைக்கும்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பனியன் கம்பெனிக்கு நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், பவர் டேபிள் என்று ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு ஜாப் ஒர்க் யூனிட்டில் நடக்கிறது, பெரும்பாலும் எல்லாருமே குறு, சிறு நிறுவனங்கள்தான். வெளிநாட்டு பையர் பணம் வந்தபிறகு கொடுக்கலாம் என்று மூன்று மாதம் இழுப்பது அங்கே சாதாரணம். இப்படி இழுத்த ஒரு தனிநபர் நிறுவனத்துக்கு உண்மையான லாபம் 14 லட்சம், மார்ச் 31-ல் கெடு தாண்டிய ஜாப் ஒர்க் பாக்கி 8 லட்சம் என்று வைப்போம். வரிக்கு லாபம் 22 லட்சமாகிவிடும். புதிய முறையில் 14 லட்சத்துக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு வரி 93,600. 22 லட்சத்துக்கு 2,60,000. கைக்கு வராத லாபத்துக்காக 1,66,400 ரூபாய் கூடுதலாக இப்போதே கட்ட வேண்டும். அடுத்த வருஷம் அந்த 8 லட்சம் கழிவாக வரும் என்றாலும், இன்று பணத்துக்கு முட்டிக்கொண்டிருப்பவருக்கு அது ஆறுதல் இல்லை.

தேதியைக் கணக்கிடும் விதத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். பிப்ரவரி 10-ல் வந்த சரக்குக்கு ஒப்பந்தம் இல்லை, 25-ஆம் தேதியே கெடு முடிந்தது, நீங்கள் மார்ச் 20-ல் கொடுக்கிறீர்கள். தாமதம்தான், ஆனால் அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டதால் கழிவு போகாது. மார்ச் 20-ல் வந்த சரக்கு, 45 நாள் ஒப்பந்தம், மே 4 வரை நேரம் இருக்கிறது. அதற்குள் கொடுத்தால் இந்த வருஷமே கழிவு. மே 10-ல் கொடுத்தால் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். ரிட்டர்ன் போடும் தேதிவரை கொடுக்கலாம் என்று ஜிஎஸ்டி, போனஸ் போன்றவற்றுக்கு இருக்கும் சலுகை இதற்குக் கிடையாது. இது தெரியாமல் அசட்டையாக இருப்பவர்கள் நிறைய.

எனவே மார்ச் முதல் வாரத்திலேயே பாக்கிப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பார்ட்டியிடமும் உத்யம் சான்றிதழ் வாங்கி, குறுவா சிறுவா நடுத்தரமா, உற்பத்தியா சேவையா வியாபாரமா என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுத்தர நிறுவனத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் பதிவு இருந்தாலும் அது வங்கிக் கடன் சலுகைக்காக மட்டும்தான், எனவே நூல் வியாபாரியிடம் வாங்கிய நூலுக்கு இந்தக் கெடு இல்லை, சாயப்பட்டறைக்கு உண்டு. கையில் இருக்கும் பணம் எல்லாருக்கும் போதாது என்றால், யாருக்கு முதலில் கொடுப்பது என்பது இந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். நீங்களே ஜாப் ஒர்க் செய்பவராக இருந்தால் இதே சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. சான்றிதழ் நகலோடு ஒரு நினைவூட்டலை மார்ச் தொடக்கத்தில் அனுப்புங்கள். தாமதத்துக்கு வட்டி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அப்படிக் கொடுக்கும் வட்டி, வேலை கொடுத்த நிறுவனத்துக்குச் செலவாகவும் கழியாது.

கடைக்காரர்களுக்கு 44ஏடி

44ஏடி பிரிவின்படி, ஆண்டு டர்ன்ஓவர் 2 கோடிக்குள் இருந்தால், ரொக்கமாக வந்த பணம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடிவரை, கணக்குப் புத்தகம் வைக்காமலே உத்தேச லாபம் காட்டலாம். ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி அல்லது யுபிஐ வழியாக வந்ததற்கு 6 சதவீதம். 1.6 கோடி விற்கும் ஒரு ஹார்டுவேர் கடையில் எல்லாம் ரொக்கம் என்றால் லாபம் 12.8 லட்சம், செஸ்ஸோடு வரி 74,880. அதே விற்பனையில் பாதி வங்கி வழியாக வந்திருந்தால் லாபம் 11.2 லட்சம், வேறு வருமானம் இல்லை என்றால் வரி பூஜ்ஜியம். கடனுக்கு விற்று மார்ச் 31-ல் பாக்கி நிற்கும் தொகைகூட, ரிட்டர்ன் கெடுவுக்குள் வங்கி வழியாக வந்துவிட்டால் 6 சதவீதக் கணக்கில் சேரும். ஆகவே பாக்கி கொடுக்க வரும் வாடிக்கையாளரிடம் க்யூஆர் அட்டையைக் காட்டுங்கள்.

உண்மை லாபம் இதைவிட அதிகமாக இருந்தால் அதிகத்தைத்தான் காட்ட வேண்டும். கமிஷன், ஏஜென்சி தொழிலுக்கு இந்த வழி இல்லை. ஒருமுறை இதில் நுழைந்து ஐந்து வருஷத்துக்குள் விலகினால், அடுத்த ஐந்து வருஷம் திரும்பி வர முடியாது, எனவே ஒரு வருஷத்து வசதிக்காக மாறாதீர்கள். டாக்டர், வக்கீல், ஆர்க்கிடெக்ட் போன்றவர்களுக்கு 44ஏடிஏ: 50 லட்சம்வரை, ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம்வரை, வரவில் பாதி லாபம்.

இந்த இரண்டு வழியிலும் போகிறவர்கள் முன்கூட்டிய வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்ட வேண்டும். மற்றவர்களுக்கு நாலு தவணையில் கடைசித் தவணை அதே நாள். டீடிஎஸ் (பணம் தருபவர் முன்பே பிடித்துக் கட்டிய வரி) போக மீதி வரி 10,000 ரூபாய்க்கு மேல் வரும் எல்லாருக்கும் இது பொருந்தும், தொழில் வருமானம் இல்லாத 60 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் விலக்கு. இதைப் படிக்கும்போது 15 தாண்டியிருந்தால் ஒரு மாத வட்டி ஒரு சதவீதம் விழும், அவ்வளவுதான், மார்ச் 31-க்குள் கட்டுங்கள். 31-ஐயும் தாண்டினால், 90 சதவீதம்கூடக் கட்டியிருக்கவில்லை என்றால், ஏப்ரல் 1-லிருந்து மாதத்துக்கு ஒரு சதவீதம் ஓட ஆரம்பிக்கும்.

கணக்கு எழுதுபவர்கள் செய்ய வேண்டியவை

வரியைக் குறைக்க மார்ச் கடைசியில் லேப்டாப்பும் காரும் வாங்குவது பழைய பழக்கம். கணக்கைப் பாருங்கள். லேப்டாப்புக்குத் தேய்மானம் 40 சதவீதம், ஆனால் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்தால் அதில் பாதிதான். 60,000 ரூபாய் லேப்டாப்பில் 12,000 கழியும், 30 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் 3,600. தேவை இருந்தால் வாங்குங்கள், மார்ச் 31-க்குள் உபயோகத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பில் மட்டும் போட்டுப் பெட்டியிலேயே இருந்தால் தேய்மானம் கிடையாது. வரிக்காக மட்டும் வாங்காதீர்கள். 44ஏடியில் இருப்பவருக்கு அந்த 3,600-ம் இல்லை.

ரொக்கம் விஷயத்தில் வருஷக் கடைசி அவசரத்தில்தான் தவறு நடக்கிறது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கழியாது, லாரிக்காரருக்கு மட்டும் வரம்பு 35,000. கடனாக 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது, திருப்பியும் கொடுக்கக் கூடாது, மீறினால் அதே அளவு அபராதம் வரலாம். மச்சான் கொடுத்த கைமாற்றுக்கும் இது பொருந்தும்.

வராக்கடன் இருந்தால் அதைக் கணக்கில் எழுதித் தள்ளுங்கள். விற்பனையாக ஏற்கனவே வருமானத்தில் சேர்ந்த பாக்கியாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்க வேண்டியதில்லை, ஆனால் கணக்கில் எழுதாமல் மனதில் மட்டும் கைவிட்ட கடனுக்குக் கழிவு இல்லை. ஸ்டாக்கை மார்ச் 31 மாலை நிஜமாக எண்ணுங்கள். விலைபோகாத எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பீஸ்களை வாங்கிய விலையிலேயே வைத்துக்கொண்டிருந்தால் இல்லாத லாபத்துக்கு வரி கட்டுகிறீர்கள். அடக்க விலை, விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதைப் போடலாம், எப்படிப் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பிஎஃப், இஎஸ்ஐ பணத்தை அந்தந்த மாதத்தின் கெடுவுக்குள், அதாவது அடுத்த மாதம் 15-க்குள், கட்டாவிட்டால் அந்தத் தொகைக்கு நிரந்தரமாகக் கழிவு கிடையாது. 2022-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலாளி பங்கு, போனஸ், ஜிஎஸ்டி ஆகியவற்றை ரிட்டர்ன் கெடுவுக்குள் கட்டினால் போதும்.

பார்ட்னர்ஷிப் நடத்துபவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து புதிதாக 194டீ (194T) என்ற டீடிஎஸ் வந்திருக்கிறது. பார்ட்னருக்கு நிறுவனம் கொடுக்கும் சம்பளம், வட்டி, கமிஷன் எல்லாம் சேர்த்து வருஷத்தில் 20,000 தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். பணமாகக் கொடுக்காமல் மார்ச் 31 தேதியிட்டு மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் பிடிக்க வேண்டும், அதைத்தான் பலர் விடுகிறார்கள். பிடிக்காவிட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் கழியாமல் போகலாம்.

மனைவிக்குச் சம்பளம் போட்டு வருமானத்தைப் பிரிப்பது பல கடைகளில் நடக்கிறது. தொழில் உங்களுடையது, அந்த வேலைக்கான படிப்போ தொழில் அனுபவமோ அவருக்கு இல்லை என்றால், அந்தச் சம்பளம் உங்கள் வருமானத்திலேயே சேர்க்கப்படும். அவருக்குப் பணம் பரிசளித்து அதில் பங்கு வாங்கினாலும் லாபம் உங்கள் கணக்குக்குத்தான் வரும். பெற்றோருக்கோ 18 வயது தாண்டிய பிள்ளைக்கோ உண்மையாகவே கொடுத்துவிட்ட பணத்தில் வரும் வருமானம் அவர்களுடையது.

மார்ச் கடைசி வாரத்தில் இரண்டு மூன்று சதவீதக் கமிஷனுக்கு பில் தருகிறேன் என்று வருபவர்களைத் தயவுசெய்து கடைக்குள் விடாதீர்கள். சரக்கே வராத பில்லைக் கணக்கில் ஏற்றினால், 271ஏஏடி பிரிவின்படி பில் தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க முடியும், ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியும் வட்டியோடு திரும்பப் போகும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலை மூடவைக்க இது ஒன்றே போதும்.

பங்கும் மியூச்சுவல் ஃபண்டும்

பட்டியலிட்ட பங்கு, ஈக்விட்டி ஃபண்டில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்து விற்ற லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம்வரை வரி இல்லை, மேலே போனதுக்கு 12.5 சதவீதம். ஒரு வருஷத்துக்குள் விற்றால் 20 சதவீதம். அந்த 1.25 லட்சம் வருஷா வருஷம் புதிதாக வரும், உபயோகிக்காததை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆறு லட்சத்துக்கு வாங்கியது 7.2 லட்சமாக நிற்கிறதா, விற்றுவிட்டுத் திரும்ப வாங்குங்கள். 1.2 லட்சம் லாபம் வரியில்லாமல் கணக்கில் வந்துவிடும், இனி உங்கள் அடக்க விலை 7.2 லட்சம். பின்னாளில் 15,000 ரூபாய் வரி குறையும். பங்காக இருந்தால் விற்ற அன்றே வாங்காதீர்கள், இன்ட்ராடே, அதாவது ஒரே நாள் வர்த்தகம் ஆகிவிடும், அடுத்த நாள் வாங்குங்கள். எஸ்ஐபி என்ற மாதத் தவணை முதலீட்டில் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வருஷம் தனித்தனியாக எண்ணப்படும், பழைய யூனிட்டுதான் முதலில் விற்கும்.

நஷ்டத்தில் நிற்கும் பங்கை விற்று லாபத்தோடு ஈடுகட்டுவதும் இதே நேரத்தில்தான். குறுகிய கால நஷ்டம் இரண்டு வகை லாபத்தோடும் கழியும், நீண்ட கால நஷ்டம் நீண்ட கால லாபத்தோடு மட்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: உங்கள் நீண்ட கால லாபம் 1 லட்சம்தான் என்றால் அதற்கு எப்படியும் வரி இல்லை, அப்போது நீண்ட கால நஷ்டத்தை விற்று வெளிக்காட்டினால் நஷ்டம் முதலில் அந்த லாபத்தோடு கழிந்து வீணாகிவிடும். அப்படிப்பட்டவர் அந்த நஷ்டத்தை அடுத்த நிதியாண்டுக்கு விட்டுவைப்பது நல்லது. மிஞ்சிய நஷ்டத்தை எட்டு வருஷம் கொண்டுபோகலாம், ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டால் மட்டும்.

12 லட்சம்வரை வரி இல்லை என்பதை நம்பிப் பங்கு விற்பவர்கள் கவனிக்கவும். 87ஏ தள்ளுபடி இந்த 20 சதவீத, 12.5 சதவீத வரிகளுக்குப் புதிய முறையில் கிடையாது. மற்ற வருமானம் 4 லட்சத்துக்குக் கீழே இருந்தால் மட்டும், மிச்சமுள்ள அடிப்படை வரம்பை இந்த லாபத்தோடு ஈடுகட்டலாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டுகளுக்கு எத்தனை வருஷம் வைத்தாலும் சாதாரண விகிதம்தான். எல்லாவற்றையும் மார்ச் 31-க்கு வைக்காதீர்கள், கடைசி வாரத்தில் சந்தை விடுமுறைகள் வரும்.

ஜிஎஸ்டி பக்கம்

வரி கட்டாமல் ஏற்றுமதி செய்பவர்கள் அடுத்த நிதியாண்டுக்கான எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தை மார்ச் 31-க்குள் போர்ட்டலில் போட்டுவிடுங்கள், பத்து நிமிட வேலை. காம்போசிஷன் என்ற, சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்துக்கு மாற நினைப்பவருக்கும் அதே கெடு, தாண்டினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். சப்ளையர் பில் 2பியில் (உங்களுக்குக் கிடைக்கும் உள்ளீட்டு வரியைக் காட்டும் மாத அறிக்கை) வந்திருக்கிறதா என்று மாதவாரியாக ஒத்துப் பாருங்கள், வராததற்கு இப்போதே போன் செய்யுங்கள். ஏப்ரல் 1-லிருந்து பில் எண் வரிசையைப் புதிதாக ஆரம்பியுங்கள். மார்ச்சில் பிடித்த டீடிஎஸ்ஸைக் கட்ட ஏப்ரல் 30 வரை நேரம் இருக்கிறது.

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடப்புக்கு வருகிறது, பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால் இந்த வருஷக் கணக்கு 1961 சட்டப்படிதான், எனவே ஆடிட்டரிடம் பேசும்போது மேலே சொன்ன எண்களையே சொல்லுங்கள். மார்ச் 20-க்குள் அவரிடம் உத்தேசக் கணக்கு, பாக்கிப் பட்டியல், ஏஐஎஸ், பங்கு விற்பனை அறிக்கை இந்த நாலையும் கொடுத்துவிட்டால், சரிசெய்ய அவருக்கும் உங்களுக்கும் பத்து நாள் இருக்கும்.